காபியும் பால்சாக்கும்



பரீட்சை வந்துவிட்டால் நம்மில் பல பேர் வீட்டில் டீப் பாத்திரம் அடுப்பை விட்டு இறங்காது. ராத்திரி கண் விழித்துப் படிக்க ஒரு டம்ளர், விடியற்காலையில் தூக்கம் கலைய ஒரு டம்ளர். டீ, காபி குடித்தால் மூளை சுறுசுறுப்பாகும், படித்தது மண்டையில் நிற்கும் என்று நாம் நம்புகிறோம். அது எவ்வளவு தூரம் உண்மை? காபி குடிப்பதில் உலகத்துக்கே பேர் போன ஒருவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். அவர் பெயர் ஒனோரே டி பால்சாக். பிரான்சு நாட்டின் மிகப் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவர்.

பிள்ளைப் பருவம்

பால்சாக் 1799 மே 20 அன்று பிரான்சில் தூர் என்ற ஊரில் பிறந்தார். பிறந்த கொஞ்ச நாளிலேயே அவரைப் பால் கொடுத்து வளர்க்க வேறு ஒரு வீட்டில் விட்டுவிட்டார்கள். எட்டு வயதில் வான்டோம் என்ற ஊரில் உள்ள விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே ஆறு வருடம் இருந்தார். அம்மா வந்து பார்த்தது ரொம்ப ரொம்பக் குறைவு.

பள்ளியில் அவர் முதல் மாணவர் கிடையாது. மந்தமான பையன் என்றுதான் ஆசிரியர்கள் நினைத்தார்கள். சொன்னதைச் செய்யாமல் அடிக்கடி தண்டனை வாங்குவார். தண்டனை என்றால் ஒரு சின்ன அறையில் தனியாகப் பூட்டி வைப்பது. வேறு பையனாக இருந்தால் அழுதிருப்பான். இவர் என்ன செய்தார் தெரியுமா? அங்கேயும் புத்தகம் படித்தார். சமயம், வரலாறு, தத்துவம் என்று கையில் கிடைத்த எல்லாவற்றையும் படித்தார். இந்த விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

1813-இல் உடம்பு மெலிந்து, பித்துப் பிடித்தவர் மாதிரி ஆகிவிட்டதால் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம் குடும்பம் பாரீசுக்குக் குடி போனது.

மேல்மாடி அறை

அப்பா அவரைச் சட்டம் படிக்க வைத்தார். படிக்கும்போதே வக்கீல் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. சொத்துத் தகராறு, உயில், கடன் பத்திரம், அண்ணன் தம்பி சண்டை எல்லாம் அங்கேதான் கண்ணால் பார்த்தார். பின்னாளில் அவருடைய நாவல்களில் வந்தது எல்லாம் இந்த மனிதர்கள்தான்.

1819-இல், தான் எழுத்தாளர் ஆகப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டு வருடம் தவணை கொடுத்தார்கள். பாரீசில் ஒரு கட்டடத்தின் உச்சியில், கூரைக்கு அடியில் இருந்த சின்ன அறையில் தங்கி ஒரு நாடகம் எழுதினார். அதை ஒரு பேராசிரியரிடம் காட்டினார்கள். இந்தப் பையன் எழுத்தைத் தவிர வேறு எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போகலாம் என்பதுபோல அவர் சொல்லிவிட்டார். பாவம் பால்சாக்!

அதே 1819-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் இன்னொரு சம்பவம் நடந்தது. கவிஞர் கதே, ரூங்கே என்ற இளம் வேதியியலாளரிடம் கொஞ்சம் காபிக் கொட்டையைக் கொடுத்து ஆராய்ந்து பார்க்கச் சொன்னார். ரூங்கே அதிலிருந்து ஒரு வெள்ளைப் பொருளைத் தனியாகப் பிரித்து எடுத்தார். அதுதான் காஃபின். தூக்கத்தை விரட்டும் சரக்கு இதுதான். டீயிலும் இதே பொருள்தான் இருக்கிறது.

கடனும் காபியும்

நாடகம் தோற்றாலும் பால்சாக் எழுதுவதை விடவில்லை. பிழைப்புக்காக வேறு பெயர்களில் மலிவான கதைகள் எழுதினார். பிறகு புத்தகம் போடும் தொழில், அச்சகம், அச்செழுத்து வார்க்கும் பட்டறை என்று ஒவ்வொன்றாகத் தொடங்கினார். 1828-க்குள் எல்லாம் நொடித்துப் போனது. அம்மாவிடமே பெரிய தொகை கடன். அன்றைக்குப் பிடித்த கடன் சாகிற வரைக்கும் அவரை விடவில்லை.

1829-இல் தன் சொந்தப் பெயரில் ஒரு வரலாற்று நாவல் வெளியிட்டார். அதிலிருந்து பேரும் வந்தது, ராத்திரி வேலையும் தொடங்கியது. சாயங்காலம் ஆறு மணிக்கே படுத்துவிடுவார். நடுராத்திரிக்கு எழுந்து, சாமியார் அங்கி மாதிரி ஒரு வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுத உட்காருவார். காலை வரைக்கும், சில நாள் மத்தியானம் வரைக்கும் எழுதுவார். பக்கத்தில் காபி. பாலும் இல்லாத வரக்காபி.

காபிக் கொட்டை வாங்குவதே அவருக்குப் பெரிய வேலை. பூர்போன், மார்தினிக், மோக்கா என்று மூன்று வகைகளைக் கலந்துதான் குடிப்பார். மூன்றையும் பாரீசின் வேறு வேறு கடைகளில் தேடிப் போய் வாங்குவார். ஒரு நாளைக்கு 50 கோப்பை குடித்தார் என்று ஒரு பேச்சு உண்டு. கூட உட்கார்ந்து எண்ணியவர் யாரும் கிடையாது. ஆனால் அளவுக்கு மேல் குடித்தார் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

சுமார் இருபது வருடத்தில் 90-க்கும் மேற்பட்ட நாவல்களும் கதைகளும் எழுதினார். அவற்றை எல்லாம் சேர்த்து 'மனித நாடகம்' என்று பொருள்படும் ஒரே பெயரை வைத்தார். அதில் 2,000-க்கும் மேற்பட்ட மனிதர்கள் வருகிறார்கள். அதில் ஒரு நாவல் தந்தை கோரியோ. பெற்ற மகள்களுக்கு இருப்பதை எல்லாம் கொடுத்துவிட்டு, கடைசியில் அவர்கள் முகத்தைப் பார்க்காமலே சாகிற ஓர் அப்பாவின் கதை.

அவரே கண்டுபிடித்த உண்மை

1839-இல் பால்சாக் ஒரு கட்டுரை எழுதினார். சாராயம், சர்க்கரை, டீ, காபி, புகையிலை ஆகிய ஐந்தும் மனிதனை என்ன செய்கின்றன என்பது பற்றியது. காபியைப் பற்றித் தன் அனுபவத்தையே அதில் சொல்கிறார். காபியின் வேகம் ஒரு வாரமோ இரண்டு வாரமோதான் இருக்குமாம். அப்புறம் அதே அளவு குடித்தால் பலன் இல்லை. அதனால் தண்ணீரைக் குறைத்து, தூளைக் கூட்டி, இன்னும் கெட்டியாகக் குடிக்க வேண்டும். கடைசியில் வெறும் வயிற்றில் காபித் தூளையே சாப்பிடுகிற நிலைக்கு வந்தார். அதனால் வயிறு எப்படிப் புண்ணாகிறது, மனது எப்படிச் சிடுசிடுப்பாகிறது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

பழகப் பழக ஏன் காபி வேலை செய்வதில்லை? அந்தக் காலத்தில் யாருக்கும் காரணம் தெரியாது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்தார்கள்.

மூளைக்குள் ஒரு பஸ்

நாம் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே வரும். அது மூளைச் செல்களில் உள்ள ஏற்பிகள் என்ற இடங்களில் போய் உட்காரும். நிறைய உட்கார்ந்தால் நமக்குத் தூக்கம் வரும். ஏற்பிகளைப் பஸ் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். காஃபினும் பார்ப்பதற்கு அடினோசின் சாயலில் இருப்பதால், முன்னாடியே ஓடிப் போய்த் துண்டு போட்டு சீட்டைப் பிடித்துக்கொள்ளும். அடினோசின் உட்கார இடம் இல்லாமல் நிற்கும். நமக்குத் தூக்கம் தெரியாது.

ஆனால் நிற்கிற கூட்டம் எங்கேயும் போய்விடவில்லை. பஸ்சுக்குள்ளேதான் இருக்கிறது. காஃபின் இறங்கியதும் மொத்தமாக வந்து உட்காரும். அதனால்தான் காபி வேகம் போனதும் அப்படி ஓர் அசதி வருகிறது. காபி நமக்குப் புதுத் தெம்பு கொடுப்பதில்லை. களைப்பைக் கொஞ்ச நேரம் மறைத்து வைக்கிறது, அவ்வளவுதான்.

தினமும் நிறையக் குடித்தால் மூளை இதற்குப் பழகிக்கொள்கிறது. சீட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது என்று விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. கூட்டமும் உட்கார இடம் கிடைத்து உட்கார்ந்துவிடும். அப்போது பழைய அளவு காபி போதாது. பால்சாக்குக்கு நடந்தது இதுதான். திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி, எரிச்சல், கவனம் சிதறுவது எல்லாம் வரும். சில நாளில் தானாகச் சரியாகிவிடும்.

கடைசிக் காலம்

1840-இல் பால்சாக் பாரீசை ஒட்டியிருந்த பாசி என்ற இடத்தில் குடியேறினார். அந்த வீட்டுக்கு இரண்டு வாசல். கடன்காரர் ஒரு வாசலில் வந்தால் இவர் இன்னொரு வாசலில் போய்விடலாம்! அந்த வீடு இன்று அருங்காட்சியகம். அவருடைய காபிப் பாத்திரத்தையும் அங்கே வைத்திருக்கிறார்கள்.

1832-இல் உக்ரைன் பகுதியில் இருந்து ஒரு வாசகி பெயர் போடாமல் அவருக்குக் கடிதம் எழுதினார். அவர் பெயர் ஹான்ஸ்கா. பதினெட்டு வருடம் காத்திருந்து 1850 மார்ச் 14 அன்று இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். ஆனால் அதற்குள் அவருக்கு இதய நோய் முற்றிவிட்டது. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். திருமணம் ஆகி ஐந்தே மாதத்தில், 1850 ஆகஸ்ட் 18 அன்று இறந்தார். வயது 51. சவ அடக்கத்தில் எழுத்தாளர் விக்டர் ஹியூகோ பேசினார்.

காபிதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். கடன் கவலை, தூக்கமில்லாத ராத்திரிகள், ஓய்வே இல்லாத வேலை எல்லாமே சேர்ந்திருக்கும். ஆனால் உடம்பு ஓய்வு கேட்ட ஒவ்வொரு முறையும், அந்தச் சத்தம் காதில் விழாமல் செய்தது காபி.

நமக்கு என்ன பாடம்?

காபி குடித்ததால்தான் பால்சாக் மேதை ஆனார் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலில் ஒரு விஷயத்தை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? பூட்டிய அறையில் படித்த புத்தகங்கள், வக்கீல் அலுவலகத்தில் பார்த்த மனிதர்கள், பாரீஸ் தெருவில் கேட்ட பேச்சுகள், இவைதான் அவர் மூளைக்குள் போனவை. ராத்திரியில் காகிதத்தில் இறங்கியதும் இவைதான். காபி கண்ணைத் திறந்து வைத்தது. உள்ளே இல்லாத எதையும் அது கொண்டுவந்து கொடுக்கவில்லை.

நாம் பகலில் படித்ததை மூளை தூங்கும்போதுதான் ஒழுங்குபடுத்திப் பத்திரமாகச் சேர்த்து வைக்கிறது. தூக்கத்தை விரட்டிவிட்டுப் படிப்பது, நெல்லை அறுத்துக் களத்திலேயே விட்டுவிட்டு வருகிற மாதிரி. வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தால்தானே நம்முடையது? குடித்த காஃபினில் பாதி குறைவதற்கே பெரியவர்களுக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்தால் ராத்திரி பதினொரு மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். நம் வயதுக்காரர்களுக்குத் தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

அதற்காகக் காலையில் அம்மா கொடுக்கிற ஒரு டம்ளர் டீயைக் கீழே கொட்ட வேண்டாம்! அளவாகக் குடித்தால் கவனம் கூடும் என்பதும் உண்மைதான். ராத்திரி நேரத்தில், அதுவும் பரீட்சைக்கு முந்தின ராத்திரியில், டம்ளர் டம்ளராகக் குடிப்பதைத்தான் விட வேண்டும். தினமும் கொஞ்சம் படித்துவிட்டுப் பத்து மணிக்குத் தூங்குகிறவர்களுக்குக் கடைசி ராத்திரியில் டீ தேவைப்படாது.

உங்களுக்குத் தெரியுமா?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன கணக்குப்படி, நம் வயதுள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபின் வரை ஆபத்தில்லை. 40 கிலோ எடை உள்ளவருக்கு 40 × 3 = 120 மில்லிகிராம். உங்கள் எடைக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி