சலவைத் தொட்டியிலிருந்து மாநாட்டு மேடைக்கு: மேடம் சி. ஜே. வாக்கர்

வணிகப் பாடங்களில் அமெரிக்காவின் முதல் பெண் கோடீசுவரி என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடும் பெயர் மேடம் சி. ஜே. வாக்கர். இரண்டாம் ஆண்டு விரிவுரை ஒன்றில் நானும் அப்படித்தான் அவரைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டேன். பிறகு நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான் அந்தப் பட்டத்தில் சற்றே ஐயம் எழுந்தது. 1919இல் அவர் இறந்தபோது விட்டுச் சென்ற சொத்தின் மதிப்பு ஏறக்குறைய 6 லட்சம் டாலர்தான். ஆனால் அவர் பின்னால் ஆயிரக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். அவர்களை அவர் எப்படிச் சேர்த்தார் என்ற கதைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

அவருடைய இயற்பெயர் சாரா பிரீட்லவ். 1867ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், லூசியானா மாநிலத்தில் டெல்டா என்னும் சிற்றூரின் பருத்தித் தோட்டம் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் அதே தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பின் அக்குடும்பத்தில் பிறந்த முதல் குழந்தை சாரா. சுதந்திரம் வந்ததே தவிர சோறு வந்துவிடவில்லை. ஏழு வயதிற்குள் தாயையும் தந்தையையும் இழந்து, அக்காள் லூவீனியாவின் வீட்டில் வளர்ந்தார். அக்காளின் கணவரோ கொடுமைக்காரர். அந்த வீட்டிலிருந்து தப்பிக்கவே பதினான்கு வயதில் மணம் முடித்தார். 1885இல் லீலியா என்ற மகள் பிறந்தாள். இருபது வயதில் சாரா விதவையானார்.

கைக்குழந்தையோடு அவர் போய்ச் சேர்ந்த இடம் செயின்ட் லூயிஸ் நகரம். அங்கே அவருடைய அண்ணன்மார் முடி திருத்தும் தொழில் செய்துவந்தனர். சாராவுக்குக் கிடைத்தது சலவை வேலை. அன்று கருப்பினப் பெண்களுக்குத் திறந்திருந்த கதவுகள் மிகச் சில: வயல், வெள்ளையர் வீட்டுச் சமையற்கட்டு, சலவைத் தொட்டி. நீரைச் சுமந்து, கொதிக்க வைத்து, காரச் சவர்க்காரத்தில் துணிகளைத் தேய்த்துப் பிழிந்தால் ஒரு நாளைக்கு அதிகம் போனால் ஒன்றரை டாலர். அந்தக் காசில்தான் மகளைப் படிக்க வைத்தார். ஒருநாள் நுரைக்குள் புதைந்திருந்த தம் கைகளைப் பார்த்து, முதுகு வளைந்து முதுமை வந்தபின் தம்மை யார் காப்பாற்றுவார் என்று தம்மையே கேட்டுக்கொண்டதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இந்தக் காலத்தில் அவருக்குக் கைகொடுத்தவர்கள் செயின்ட் பால் தேவாலயத்துப் பெண்கள். படித்த ஆசிரியைகளும் வசதியான குடும்பத்துப் பெண்மணிகளும் அங்கு இருந்தனர். ஊருக்குப் புதிதாக வருகிற ஏழைத் தாய்மாருக்கு உதவுவதைக் கடமையாகக் கொண்டவர்கள் அவர்கள். சாரா அத்தேவாலயத்தின் பாடகர் குழுவில் சேர்ந்தார். பெண்கள் கூடிப் பேசி, கணக்கு வைத்து, காசு திரட்டி ஒரு காரியத்தை முடிப்பதை அவர் அங்கேதான் அருகிலிருந்து பார்த்தார். வணிக நூல்கள் இந்தப் பகுதியை ஏனோ விரைவாகத் தாண்டிவிடுகின்றன.

அந்நாளில் பல பெண்களுக்கு இருந்த தொல்லை சாராவுக்கும் இருந்தது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வீட்டில் குழாய் நீர் கிடையாது; தலை குளிப்பதே எப்போதாவதுதான். அதனால் உச்சந்தலையில் பொடுகும் புண்ணும் வந்தன. ஆனி டர்ன்போ என்ற கருப்பினப் பெண் தொழில்முனைவர் தயாரித்த மருந்தை வாங்கிப் பூசி, பின்பு அவருடைய விற்பனை முகவராகவும் ஆனார். 1905இல் டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே சமையல் வேலை செய்துகொண்டே சொந்தமாக ஒரு களிம்பைத் தயாரித்தார். கனவில் ஒரு மனிதர் வந்து கலவை முறையைச் சொல்லிக் கொடுத்ததாக அவர் கூறுவார். ஆனால் கந்தகம் கலந்த களிம்பு அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்ததுதான். ஆனி டர்ன்போ தம் சரக்கைப் பார்த்துப் போலி செய்கிறார்கள் என்று வாடிக்கையாளர்களை எச்சரித்தார். முகவர்களைக் கொண்டு விற்கும் முறையைச் சாரா அவரிடம்தான் கற்றார். வாக்கரைப் புகழும்போது இந்தக் கடனை மறைத்துவிடுவது நியாயமாகாது.

1906 ஜனவரியில் செய்தித்தாள் விளம்பரத் துறையில் இருந்த சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்தார். கணவரின் பெயரோடு மேடம் என்பதையும் சேர்த்துக்கொண்டார். இது வெறும் அலங்காரமன்று. வயதில் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் கருப்பினப் பெண்ணை வெள்ளையர்கள் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். களிம்பு டப்பாவின் மேலேயே மேடம் என்று அச்சிட்டுவிட்டால் யார்தான் என்ன செய்ய முடியும்? அந்த மணவாழ்க்கை சில ஆண்டுகளில் முறிந்தது. பெயர் மட்டும் நிலைத்தது.

தென் மாநிலங்களில் ஊர் ஊராகச் சுற்றினார். தேவாலயக் கூடங்களில் பெண்களை உட்கார வைத்து, தலையைக் கழுவிக் காட்டி, களிம்பைப் பூசிக் காட்டுவார். ஒரு டப்பா 50 காசு. வாங்க வந்தவர்களிலேயே சுறுசுறுப்பானவரைப் பிடித்து முகவராக்கிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். இன்று நாம் நேரடி விற்பனை என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். பிட்ஸ்பர்க் நகரில் மகளின் பெயரால் பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். 1910இல் பல இரயில் பாதைகள் கூடும் இண்டியானாபொலிஸ் நகருக்கு வந்து தொழிற்சாலை அமைத்தார். அங்கே ஒரு திரையரங்கில் மற்றவர்களுக்கு 10 காசு நுழைவுச்சீட்டு, கருப்பினத்தவர் என்பதால் அவருக்கு 25 காசு என்றார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். அவருடைய நிறுவனம் பின்னாளில் அந்நகரில் எழுப்பிய கட்டடத்தில் திரையரங்கு ஒன்றும் இருந்தது. அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1927இல் அது திறக்கப்பட்டது.

சொந்த இனத்து ஆண்களிடமும் அவருக்கு எளிதாக மதிப்புக் கிடைத்துவிடவில்லை. 1912இல் சிகாகோவில் கருப்பின வணிகர் கழகத்தின் மாநாடு நடந்தது. தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அவருக்குப் பேச வாய்ப்பே தரவில்லை. கடைசி நாளன்று வாக்கர் தாமாகவே எழுந்து நின்றார். பருத்தி வயலிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து சமையற்கட்டுக்கும் வந்து, சொந்த நிலத்தில் சொந்தத் தொழிற்சாலை கட்டியதை அவையோருக்குச் சொன்னார். மறு ஆண்டு மாநாட்டில் அவருக்கு மேடையிலேயே இடம் கிடைத்தது. 1913இன் இறுதியில் ஜமைக்கா, கியூபா, ஹைட்டி, கோஸ்டாரிக்கா, பனாமா ஆகிய இடங்களுக்குப் பயணம் செய்து அங்கும் முகவர்களைத் தேடினார்.

முடியை நேராக்கி வெள்ளையரைப் போல ஆக்குகிறார் என்ற குறை அன்றே எழுந்தது. தாம் விற்பது முடி வளரவும் தலை நலமாக இருக்கவும்தான் என்று அவர் மறுத்தார். ஆனால் அவருடைய முறையில் சூடேற்றிய சீப்பும் இருந்தது. ஆகவே அந்தக் குறையை முற்றிலும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதே வேளையில், பிறர் வீட்டு அழுக்குத் துணியைத் துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அந்தக் களிம்புப் பெட்டியைக் கையில் எடுத்த நாளிலிருந்து அவளுக்கு எசமானி என்று ஒருவர் இல்லாமற் போனார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த முகவர்களை அவர் ஊர்தோறும் சங்கங்களாக இணைத்தார். உறுப்பினர்கள் மாதச் சந்தா கட்டினார்கள். உறுப்பினர் இறந்தால் குடும்பத்திற்கு ஒரு தொகை போய்ச் சேரும். 1917 ஆகஸ்டு இறுதியில் பிலடெல்பியாவின் ஒரு தேவாலயத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட முகவர்கள் முதன்முறையாக ஒன்றுகூடினார்கள். தம் சொந்த வருமானத்தில் இரயில் ஏறி வந்த பெண்கள். அதிகம் விற்றவருக்குப் பரிசு, அதிக முகவர்களைச் சேர்த்தவருக்குப் பரிசு. அதோடு தம் ஊரில் அதிகம் அறம் செய்த சங்கத்திற்கும் பரிசு உண்டு.

அந்த ஆண்டு ஜூலையில்தான் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் நகரில் வெள்ளையர் கும்பல் கருப்பினத்தவர் பலரைக் கொன்று வீடுகளுக்குத் தீ வைத்தது. நீதி கேட்டு வெள்ளை மாளிகைக்குச் சென்ற குழுவில் வாக்கரும் ஒருவர். அதிபர் வில்சனுக்கு வேலை இருப்பதாகச் சொல்லி, செயலாளரை மட்டும் சந்திக்க வைத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பிலடெல்பியா மாநாடு களிம்பைப் பற்றி மட்டும் பேசிவிட்டுக் கலையவில்லை. இத்தகைய வன்கொலைகளைத் தடுக்கச் சட்டம் இயற்றக் காங்கிரசை வலியுறுத்தும்படி அதிபருக்குத் தந்தி அனுப்பத் தீர்மானித்தது. ஒரு காலத்தில் வெள்ளையர் வீட்டுக் கொல்லைப்புறக் கதவு வழியாகவே நுழைந்த பெண்கள், நாட்டின் அதிபருக்கு நேராக எழுதினார்கள்.

1918இல் ஹட்சன் ஆற்றங்கரையில் பெரிய மாளிகை கட்டிக் குடியேறினார். போர் முடிந்தபின் பாரிஸ் அமைதி மாநாட்டிற்குச் சென்று கருப்பினத்தவருக்காகக் குரல் கொடுக்க விரும்பினார். அரசு கடவுச்சீட்டுத் தர மறுத்தது. அதற்குள் சிறுநீரகம் பழுதடைந்திருந்தது. படுக்கையில் இருந்தபடியே, கும்பல் கொலைகளை எதிர்க்கும் நிதிக்கு 5,000 டாலர் தருவதாக உறுதியளித்தார். 1919 மே 25ஆம் நாள் மறைந்தார். வயது 51.

அந்தத் தந்தி கேட்ட சட்டம் காங்கிரசில் பலமுறை கொண்டுவரப்பட்டுப் பலமுறை தோற்றது. கும்பல் கொலையைக் கூட்டரசுக் குற்றமாக்கும் சட்டத்தில் அமெரிக்க அதிபர் கையெழுத்திட்டது 2022 மார்ச் மாதத்தில்தான்.