பூட்டிய கதவுகளுக்கு முன்னே ஓர் ஆயர்



ஆண்டுதோறும் நவம்பர் 4-ஆம் நாள் திரு அவை புனித சார்லஸ் பொரோமியோவை நினைவுகூருகிறது. குருமாணவர்களுக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் பாதுகாவலர் என்று அவரை நம்மில் பலர் அறிவோம். நான் குருமடத்தில் படித்த நாள்களில், திரெந்து பொதுச்சங்கத்தின் சட்டங்களைக் கண்டிப்போடு நடைமுறைப்படுத்திய பேராயராகவே அவர் எங்களுக்கு அறிமுகமானார். தேர்வுக்காக ஆண்டுகளை மனப்பாடம் செய்தோம், அதோடு விட்டுவிட்டோம். 2020-ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்றால் ஆலயக் கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான், அவருடைய வாழ்க்கை வரலாற்றை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அன்று எனக்கு வெளிச்சம் தந்த அந்த வாழ்வை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

செல்வத்தில் பிறந்தவர்

சார்லஸ் 1538-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், வட இத்தாலியில் மஜோரே ஏரிக்கரையில் உள்ள அரோனா கோட்டையில் பிறந்தார். தந்தை ஜில்பெர்த்தோ பிரபு, தாய் மார்கரீத்தா. பன்னிரண்டு வயதிலேயே, அக்கால வழக்கப்படி, ஒரு துறவு மடத்தின் வருமானம் அவர் பெயருக்கு வந்தது. தன் படிப்புச் செலவு போக மிஞ்சுவது ஏழைகளுக்கு உரியது, குடும்பத்துக்கு உரியது அல்ல என்று அந்தச் சிறுவன் தந்தையிடம் தெளிவாகச் சொல்லிவிட்டான். சரளமாகப் பேச அவருக்கு வராது; ஆயினும் பாவியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1559-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டு டிசம்பரில் அவருடைய தாய்மாமன் நான்காம் பயஸ் என்ற பெயரில் திருத்தந்தையானார். மறு ஆண்டு, இன்னும் குருவாகக்கூட அருள்பொழிவு பெறாத இருபத்தொரு வயது இளைஞர் சார்லஸ் கர்தினாலாக உயர்த்தப்பட்டார்! உறவு முறையால் கிடைத்த பதவிதான் அது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1562-இல் அண்ணன் பெதெரிக்கோ திடீரென இறந்தது அவர் உள்ளத்தை உலுக்கியது. குடும்ப வாரிசாகத் திரும்பி வந்து திருமணம் செய்துகொள்ளும்படி உறவினர் வற்புறுத்தினர். அவரோ 1563-இல் குருவானார். அதே ஆண்டு டிசம்பரில் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார்.

1565 செப்டம்பரில் மிலான் நகருக்குள் பேராயராக நுழைந்தார். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாகத் தம் மக்களோடு தங்கி வாழ்ந்த பேராயர் ஒருவரை அந்த மறைமாவட்டம் கண்டதில்லை. சார்லஸ் தங்கினார். குருமடங்களைத் தொடங்கினார், ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகளை ஊர்தோறும் பரப்பினார், மலைக் கிராமங்களுக்கு நடந்தே சென்றார். சீர்திருத்தம் பிடிக்காத துறவி ஒருவர் 1569-இல், மாலைச் செபத்தில் முழந்தாளிட்டிருந்த அவரைத் துப்பாக்கியால் சுட்டார். குண்டு உடையில் பட்டு விழுந்தது; செபம் நிற்கவில்லை.

ஆளுநர் வெளியேறினார், ஆயர் திரும்பி வந்தார்

1576 ஆகஸ்ட் மாதம் மிலானில் கொள்ளைநோய் தலைகாட்டியது. அப்போது சார்லஸ் லோதி நகரில், இறந்துபோன ஆயரின் அடக்கச் சடங்கில் இருந்தார். செய்தி கேட்டதும் மிலானுக்குத் திரும்பினார். ஆளுநரும் உயர்குடியினர் பலரும் நகரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த நேரம் அது. பேராயர் தம் உயிலை எழுதி வைத்துவிட்டுப் பணியைத் தொடங்கினார்.

நகர மதிலுக்கு வெளியே லாசரெத்தோ என்ற பெரிய தொற்றுநோய் இல்லம் இருந்தது. அது போதாமல் வயல்வெளியில் குடிசைகள் போடப்பட்டன. அங்கே கிடந்தவர்களுக்குச் சாப்பாடும் இல்லை, குருவும் இல்லை. சார்லஸ் அங்கே போனார். சாகக் கிடந்தவர்களுக்கு அருட்சாதனங்களை வழங்கினார். தயங்கிய குருக்களிடம் தம் முன்மாதிரியாலேயே பேசினார். கப்புச்சின் துறவி பவோலோ பெல்லின்தானி அந்த இல்லத்தின் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டார்.

தொழில்கள் நின்றதால் நெசவாளரும் கூலியாள்களும் வேலையின்றித் தெருவில் நின்றனர், குளிர்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. பேராயர் தம் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களைக் கொடுத்தார். அரண்மனையில் தொங்கிய திரைச்சீலைகளை வெட்டி ஏழைகளுக்கு உடை தைக்கச் செய்தார். கையிருப்பு தீர்ந்தபின் கடன் வாங்கி ஊட்டினார்.

அக்டோபர் மாதம் மனமாற்றப் பவனிகளை நடத்தினார். கழுத்தில் கயிறு கட்டி, வெறுங்காலோடு, ஆண்டவரின் திரு ஆணியைத் தாங்கிய சிலுவையைச் சுமந்து நடந்தார். காலில் காயம்பட்டு இரத்தம் வழிந்தது. கூட்டம் கூடினால் நோய் பரவுமே என்று நகர அதிகாரிகள் அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானது என்பதை இன்று நாம் அறிவோம். புனிதர்களும் தம் காலத்து அறிவின் எல்லைக்குள் வாழ்ந்தவர்களே. அந்த நோய்க்குக் காரணமான பாக்டீரியாவை அலெக்சாண்டர் யெர்சின் கண்டுபிடித்தது 1894-இல்தான். எலிகளின் மேலுள்ள தெள்ளுப்பூச்சி அதைப் பரப்புகிறது என்பது அதற்கும் பின்னரே தெரியவந்தது.

வீதிக்கு வந்த பீடம்

அக்டோபர் மாத இறுதியில் நகர நிர்வாகம் எல்லாரும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நாற்பது நாள்கள் என்று தொடங்கிய அடைப்பு பின்னர் நீட்டிக்கப்பட்டது. பவனிகளில் அத்தனை ஆயிரம் மக்களை நடத்திச் சென்ற பேராயர் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஆணைக்குத் துணை நின்றார். மக்கள் ஆலயத்துக்கு வர முடியாவிட்டால் ஆலயம் மக்களிடம் போகட்டும் என்று முடிவு செய்தார்.

நாற்சந்திகளில் பீடங்கள் எழுப்பப்பட்டன. குருக்கள் அங்கே திருப்பலி நிறைவேற்ற, மக்கள் தத்தம் சன்னல்களிலிருந்து பங்கேற்றனர். ஒரு நாளில் ஏழு முறை ஆலய மணி ஒலித்தது. மணி கேட்டதும் ஒவ்வொரு வீட்டாரும் சன்னலுக்கு வந்து, தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறித் திருப்பாடல்களையும் மன்றாட்டு மாலைகளையும் செபித்தனர். குருக்கள் வீடு வீடாகச் சென்று, வாசலுக்கு வெளியே அமர்ந்து ஒப்புரவு அருட்சாதனம் வழங்கினர். கதவுக்கு உள்ளேயிருந்து மக்கள் பாவ அறிக்கை செய்தனர். பூட்டிய கதவுகளால் நகரமே ஒரு துறவு மடம் போல ஆயிற்று.

சார்லஸ் தம்மளவில் கடைப்பிடித்த ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. நோயாளிகளிடம் போய்வந்தால் உடைகளை மாற்றித் தூய்மை செய்வார். அக்கால வழக்கப்படி புளிக்காடியில் நனைத்த பஞ்சைக் கையில் வைத்திருப்பார். தம் வழியாக நோய் பிறருக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக, நலமாயிருந்தவர்களைத் தம்மை நெருங்க விடமாட்டார்.

அன்புக்குரியவர்களே, இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தேன். அவர் நோயாளிகளை நெருங்கினார். நலமானவர்களிடமிருந்து விலகி நின்றார். நாமோ பெருந்தொற்றுக் காலத்தில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்தோம். நலமாயிருந்தவர்களோடு கடைவீதியிலும் கல்யாண வீட்டிலும் நெருக்கிக்கொண்டு நின்றோம். நோய்ப்பட்டவரைக் கண்டதும் ஓடினோம். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்குத் தகரம் அடித்தபோது வேடிக்கை பார்த்தோம். 2020 ஏப்ரலில் சென்னையில், தொற்றால் இறந்த மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் தடுத்த கொடுமையும் நடந்தது. அடுத்த வீட்டார் பேசுவார்களே என்று அஞ்சிக் காய்ச்சலை மறைத்தவர்கள் எத்தனை பேர்! மறைத்ததனால் அந்தக் குடும்பங்களில் முதியோருக்கும் நோய் பரவியது.

என் குறையையும் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, எங்கள் பங்கில் தொற்றோடு வீட்டிலேயே கிடந்த மூதாட்டி ஒருவர் என்னை அழைத்தார். நான் முகக்கவசம் அணிந்து, திறந்த சன்னலுக்கு வெளியே நின்று செபித்துவிட்டுத் திரும்பினேன். உள்ளே போயிருக்கலாம், தற்காப்பு உடை கேட்டால் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. பங்கு மக்களுக்காக என்னைக் காத்துக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதே வாரம் முக்கியமான ஒருவர் வீட்டு நிகழ்ச்சிக்கு, முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, போய் அமர்ந்தேன். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். இன்றும் திருப்பலிக்கு வருகிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சார்லஸ் நினைவுக்கு வருகிறார்.

நம் வீட்டில் இன்று

கொரோனா அவசர நிலை முடிந்ததாக உலக நல அமைப்பு 2023 மே 5-ஆம் நாள் அறிவித்தது. ஆனால் வைரஸ் காய்ச்சல்கள் முடிந்துவிடவில்லை; மழைக்காலம் வந்தால் நம் வீட்டு வாசலிலேயே நிற்கின்றன. மிலானின் நோய்க்கு வழி வேறு. மூச்சுக் காற்றில் பரவும் வைரசுக்கு வழி வேறு. ஆனால் அன்பும் ஒழுங்கும் கைகோத்து நடக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால், காற்றோட்டமான தனி அறை ஒன்றைக் கொடுங்கள். தனி அறை இல்லாத வீடுகளே நம்மிடம் அதிகம். அங்கே சன்னலைத் திறந்து வைத்து, படுக்கையைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். நோயாளியைக் கவனிக்க நலமுள்ள ஒருவரை மட்டும் நியமியுங்கள். முதியவர்களும், நீரிழிவு போன்ற நோயுள்ளவர்களும், கருவுற்ற தாய்மாரும் அந்தப் பணியைச் செய்ய வேண்டாம். நோயாளியும் கவனிப்பவரும் முகக்கவசம் அணியட்டும். கைகளைச் சோப்புப் போட்டு இருபது விநாடியாவது கழுவுங்கள். தட்டு, டம்ளர், துண்டு ஆகியவற்றைத் தனியாக வையுங்கள். வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாடிக் மாத்திரை பயன்படாது. மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு இருந்தாலோ, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இவ்வளவும் செய்தபின் இன்னொன்றையும் செய்யுங்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடாதீர்கள். கதவருகே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்; நான்கு வார்த்தை பேசுங்கள். மாலையில் குடும்பச் செபமாலை சொல்லும்போது, உள்ளே இருப்பவருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லுங்கள்; ஒரு பத்து மணியை அவரே உள்ளிருந்து சொல்லட்டும். மிலான் நகரத்துச் சன்னல்களில் நடந்ததும் இதுதான். காய்ச்சலோடு ஞாயிறு திருப்பலிக்கு வராமல் வீட்டில் இருப்பது பாவமல்ல. பக்கத்தில் அமர்பவரைக் காக்கும் பிறரன்புச் செயல் அது. அன்பியத் தலைவர்கள் அப்படிப்பட்ட வீடுகளைக் கேட்டறிந்து, மருந்தோ மளிகையோ வாங்கிக் கொடுக்கட்டும், பங்குத்தந்தைக்கும் தெரிவியுங்கள். இனி நாங்கள் சன்னலோடு திரும்பிவிடமாட்டோம்.

பணி முடித்தவர்

அந்தக் கொள்ளைநோயில் மிலான் நகரில் ஏறக்குறைய 17,000 பேர் இறந்தனர். 1578-இன் தொடக்கத்தில்தான் நகரம் நோய் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. நோய் நீங்க வேண்டி மக்கள் நேர்ந்துகொண்டபடி, புனித செபஸ்தியாருக்கு ஓர் ஆலயம் எழுப்பப்பட்டது. 1577-இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் சார்லசே. நம் ஊர்களில் கொள்ளைநோய்க்குப் பாதுகாவலராக நாம் வணங்கும் அதே செபஸ்தியார்தான். அந்த ஆலயம் இன்றும் மிலானில் நிற்கிறது.

நோயாளிகளிடையே அத்தனை மாதங்கள் நடமாடியும் சார்லசைக் கொள்ளைநோய் தொடவில்லை. ஆனால் ஓயாத உழைப்பும் கடுந்தவமும் உடலைக் கரைத்தன. 1584 நவம்பர் 3-ஆம் நாள் இரவு, நாற்பத்தாறாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1610-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அடுத்த முறை நம் தெருவில் ஒரு வீட்டில் காய்ச்சல் என்று கேள்விப்படும்போது, யாரிடம் நெருங்க வேண்டும், யாரிடமிருந்து விலகி நிற்க வேண்டும் என்பதை அறியும் ஞானத்தை இறைவன் நமக்குத் தருவாராக.

புனித சார்லஸ் பொரோமியோவே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.