சக்கர நாற்காலியில் வந்த டாக்டர்

திருவண்ணாமலையைத் தெரியாதவர்கள் உண்டா? 217 அடி உயர ராஜகோபுரம், மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கில் கூடும் மக்கள் என்று எப்போதும் பரபரப்பாக இருக்கும் ஊர். இன்று அது தனி மாவட்டத்தின் தலைநகரம். ஆனால் 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தில்தான் திருவண்ணாமலை இருந்தது. அந்த மாவட்டத்துக்குத் தலைநகரம் வேலூர்.

அந்த வேலூரில், இடுப்புக்குக் கீழே அசைவே இல்லாத ஒரு பெண் டாக்டர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே பல நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் பெயர் மேரி வர்கீஸ்.

மேரி 1925-ம் ஆண்டு கேரளத்தில், கொச்சிக்கு அருகிலுள்ள செராய் என்ற ஊரில் பிறந்தார். எர்ணாகுளத்தில் கல்லூரிப் படிப்பை முடித்தார். டாக்டராக வேண்டும் என்ற ஆசையோடு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலையும் கிடைத்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

1954 ஜனவரியில் ஒரு நாள். சக டாக்டர்களோடு சுற்றுலா புறப்பட்டார் மேரி. வழியில் அவர்கள் சென்ற வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் பெரிய காயம். அதைவிடக் கொடுமை, அவருடைய தண்டுவடம் நசுங்கிவிட்டது. அப்போது அவருக்கு வயது 28.

தண்டுவடம் என்றால் என்ன? நம் முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை அது. மூளை சொல்வதைக் கை கால்களுக்குக் கொண்டு போகும்; கை கால்கள் உணர்வதை மூளைக்குக் கொண்டு வரும். அது அறுந்துவிட்டால், அதற்குக் கீழே உள்ள பகுதிக்குச் செய்தியே போகாது. மேரியால் கால்களை அசைக்க முடியவில்லை. யாராவது காலைத் தொட்டாலும் தெரியவில்லை.

எத்தனையோ நோயாளிகளைக் கவனித்த டாக்டர், இப்போது அதே மருத்துவமனையில் நோயாளியாகப் படுத்திருந்தார். இனி எழுந்து நடக்கவே முடியாது என்பது தெரிந்தபோது மனம் உடைந்து போனார். இனி டாக்டராக இருந்து என்ன பயன் என்ற கேள்வி அவரை வாட்டியது.

அந்தக் கேள்விக்கு வழிகாட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். இவர் நம் கொல்லிமலையில் பிறந்து வளர்ந்த ஆங்கிலேயர். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளை, அறுவை சிகிச்சை மூலம் மீண்டும் வேலை செய்ய வைத்தவர். கையில் செய்யும் அறுவை சிகிச்சைக்கு டாக்டர் நிற்க வேண்டியதில்லை, உட்கார்ந்தே செய்யலாம். மேரியின் கால்கள்தான் போயின. கைகள் இருக்கின்றனவே! மேரியும் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் தொழுநோயாளிகளைப் பலர் ஒதுக்கி வைத்தார்கள். அவர்களுடைய மடங்கிய கைகளைத் தன் கையில் எடுத்துச் சரிசெய்தவர், தானே சக்கர நாற்காலியில் வந்த ஒரு டாக்டர்! தண்டுவடம் பாதித்தவர்கள் நெடுநேரம் ஒரே நிலையில் இருந்தால், உணர்வில்லாத இடத்தில் புண் வந்துவிடும். அது வராமல் தன்னைப் பார்த்துக்கொண்டே, மற்றவர்களையும் பார்த்துக்கொண்டார் மேரி.

பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய்ச் சிகிச்சை பெற்றார். மற்றவர்களை எதிர்பார்க்காமல் அன்றாட வேலைகளைச் செய்வது எப்படி என்று அங்கே பழகினார். அடுத்து அமெரிக்காவின் நியூயார்க்கில், டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்தில் உதவித்தொகையுடன் படித்தார். விபத்தில் சிக்கியவர்களின் உயிரைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. அவர்கள் வீட்டுக்குத் திரும்பி, குளித்து, உடுத்தி, வேலைக்கும் போகும்படி செய்வதும் மருத்துவம்தான் என்பதே அந்தப் படிப்பு.

நாடு திரும்பிய மேரி, 1963-ல் வேலூரில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-ல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் உருவானது. இந்தியாவில் இப்படி ஒன்று அமைந்தது அதுவே முதல்முறை. 1972-ல் மேரிக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் அவர் மறைந்தார்.

மேரி போன்றவர்களுக்கு உண்மையான தடை எது தெரியுமா? கால் அல்ல, படிக்கட்டு! வாசலில் ஒரே ஒரு படி இருந்தால்கூடச் சக்கர நாற்காலி நின்றுவிடும். அதற்குத்தான் சாய்வுப் பாதை கட்டுகிறார்கள். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். ஆக, 15 சென்டிமீட்டர் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளச் சாய்வு தேவை. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் கை வலிக்கும், நாற்காலி பின்னால் உருளும்.

வண்டி நிறுத்தும் இடத்திலும் இதே கதைதான். தரையில் நீல நிறத்தில் சக்கர நாற்காலிப் படம் வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1968-ல் டென்மார்க்கைச் சேர்ந்த சூசன் கோஃபோட் என்ற மாணவி வரைந்த படத்திலிருந்து வந்த சின்னம் அது. அந்த இடம் 3.6 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதிமுறை. ஏன் இவ்வளவு அகலம்? கார்க் கதவை முழுதாகத் திறந்து, பக்கத்தில் சக்கர நாற்காலியை வைத்து, அதற்கு மாறி உட்கார வேண்டுமே! பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிளைச் செருகிவிட்டால் போதும், வந்தவர் காரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட வசதிகளைச் செய்யச் சொல்லி 1995-ல் ஒரு சட்டமும், 2016-ல் அதைவிட விரிவான சட்டமும் வந்தன. ஆனால் சாய்வுப் பாதையின் குறுக்கே செருப்பைக் குவித்தாலோ, சைக்கிளை நிறுத்தினாலோ, சட்டம் வந்து எடுத்து வைக்காது. நாம்தான் எடுத்து வைக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை சில:

* அப்பாவோ அம்மாவோ அவசரத்தில் அந்த நீல இடத்தில் வண்டியை நிறுத்தப் போனால், ஐந்து நிமிடம்தானே என்று விட்டுவிடாமல் மெல்ல எடுத்துச் சொல்லுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில்தான் அந்த இடம் தேவைப்படுபவர் வரக்கூடும்.

* சக்கர நாற்காலியில் இருப்பவரைக் கேட்காமல் தள்ளாதீர்கள். உதவி வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

* கூட வந்தவரிடம் அவரைப் பற்றி விசாரிக்காதீர்கள். அவரிடமே பேசுங்கள்.

* நடந்து வருகிறாரே, இவருக்கு எதற்கு இந்த இடம் என்று யாரையும் கேலி செய்யாதீர்கள். இதய நோய், மூட்டு வலி போன்றவை வெளியே தெரியாது.

தீபத்துக்கோ பௌர்ணமிக்கோ திருவண்ணாமலைக்குப் போனால், கூட்டத்தில் சக்கர நாற்காலியிலோ மூன்று சக்கர ஸ்கூட்டரிலோ வருபவரைக் கவனியுங்கள். உங்களைப் போலத்தான் அவரும் மலையைப் பார்க்க வந்திருக்கிறார். இரண்டடி ஒதுங்கி வழிவிடுங்கள்.