மரண பயமும் ஜான் வெஸ்லியும்

மனிதரை வருத்தும் பயங்கள் பல. கடன்பட்டவனுக்குக் கடன் கொடுத்தவனிடத்துப் பயம். பயிரிட்டவனுக்கு மழை பொய்த்துவிடுமோ என்ற பயம். பெண்ணைப் பெற்றவர்க்கு அவளை நல்லிடத்தில் கொடுக்க வேண்டுமே என்ற பயம். இவை ஒரு காலத்தில் வந்து ஒரு காலத்தில் நீங்குவன. யாவர்க்கும் பொதுவாய் எந்நாளும் உடனுறைவது மரண பயம் ஒன்றே. அதனைத் தமது கல்வியாலும் உபவாசத்தாலும் ஒழித்துவிடலாம் என்று பல ஆண்டுகள் முயன்று, அம்முயற்சியில் தோல்வியுற்று, பின்னர் வேறொரு வழியால் அதன் பிடியினின்றும் விடுபட்ட ஒரு பெரியாரின் சரித்திரத்தை இம்மாதம் நம் சங்கத்தார்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எழுதப் புகுகின்றோம். அவர் இங்கிலாந்து தேசத்தில் மெதடிஸ்து இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி என்பார். நம்மவருள் கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவினோரும் உளர். சைவ வைஷ்ணவ நெறிகளில் நிற்போரும் உளர். பயம் எல்லார் வீட்டுக்கும் பொதுவாகலின் இச்சரித்திரம் எல்லார்க்கும் பயன்படும் என்று எண்ணுகின்றோம். அன்றியும், வெஸ்லியின் வழிவந்த போதகர்கள் 1814-ஆம் வருஷத்தில் இலங்கையில் வந்திறங்கி யாழ்ப்பாணத்திலும், பின்னர்ச் சென்னையிலும் ஊழியம் தொடங்கினர். அவர்கள் நிறுவிய தென்னிந்திய சபைகள் 1947-ஆம் வருஷத்தில் தென்னிந்தியத் திருச்சபையோடு ஒன்றாயின. ஆகவே அவர் நமக்கு முற்றும் அந்நியரல்லர்.

வெஸ்லி 1703-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் லிங்கன்ஷயரைச் சேர்ந்த எப்வொர்த் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சாமுவேல் வெஸ்லி அவ்வூர்க் குருவானவர், நல்ல கல்விமான், ஆனால் கடனாளி. 1705-ஆம் வருஷத்தில் கடனுக்காகச் சிறையிலும் இருந்தார். தாயார் சூசன்னா அம்மையார் பத்தொன்பது மக்களைப் பெற்றவர். அவர்களுட் பலர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். வறுமையும் நோயும் குழந்தைகளின் கூச்சலும் நிறைந்த அவ்வீட்டில் அம்மையார் ஒழுங்கொன்றை ஏற்படுத்திக்கொண்டார். வாரத்தின் ஒவ்வொரு மாலையிலும் ஒரு பிள்ளையைத் தனியே அழைத்து அதன் ஆத்தும நிலையைக் குறித்துப் பேசுவார். ஜானுக்கு உரியது வியாழக்கிழமை. வளர்ந்து கல்லூரி ஆசிரியரான பின்பும் அவர் அந்த வியாழக்கிழமை மாலையை நினைந்து ஏங்கினார் எனின், வேலை மிகுந்த தாய்மார் இதனைக் கவனிப்பாராக.

1709-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 9-ஆம் நாள் இரவு குருமனை தீப்பற்றியது. ஊரார் சிலர் பகைமையால் வைத்த தீ என்று ஐயுற்றோரும் உண்டு. தாதி குழந்தைகளை வெளியே கொணர்ந்தபோது ஐந்து வயதுச் சிறுவன் ஜான் மாடியில் விடப்பட்டான். தந்தையார் படியேற முயன்றார். எரிகின்ற படிகள் அவர் பாரத்தைத் தாங்கவில்லை. அவர் முழந்தாளிட்டு மகனுடைய ஆத்துமாவைக் கடவுளிடம் ஒப்புவித்தார். சிறுவனோ ஜன்னலருகிலிருந்த பெட்டியின்மேல் ஏறி நின்றான். ஏணி கொணர நேரமில்லாமையால் ஒருவன் தோள்மீது மற்றொருவன் ஏறி அவனை இழுத்துக்கொண்டான். அக்கணமே கூரை உள்நோக்கிச் சரிந்து வீழ்ந்தது. கடவுள் இப்பிள்ளையை ஏதோ ஒரு காரியத்திற்காகக் காத்தனர் என்று தாயார் உறுதிகொண்டார்.

இப்படி நெருப்பினின்று காப்பாற்றப்பட்டவர்க்கு மரண பயம் இராது என்று நாம் நினைக்கலாம். நடந்தது வேறு. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பயின்று, 1726-ல் லிங்கன் கல்லூரியில் பதவி பெற்று, 1728-ல் குருப்பட்டமும் ஏற்ற வெஸ்லி, தம்பி சார்லஸ் முதலிய சில நண்பரோடு கூடி மிகக் கடினமான நியமங்களை மேற்கொண்டார். அதிகாலையில் எழுதல், வாரத்தில் இருநாள் உபவாசம், சிறைச்சாலைக் கைதிகளைச் சென்று காண்டல், ஏழைகட்கு உதவுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் நாழிகை குறித்திருந்தனர். மற்ற மாணவர் நகைத்து, முறைக்காரர் என்னும் பொருளில் மெதடிஸ்துகள் என்று பெயரிட்டனர். நகைப்புக்கு இட்ட பெயரே பிற்காலத்தில் ஒரு பெரிய சபையின் பெயராயிற்று.

1735-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் வெஸ்லி, அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியா குடியேற்றத்தில் குருவாய் ஊழியஞ் செய்யவும் அங்குள்ள பூர்வ குடிகட்குச் சுவிசேஷம் கூறவும் சிம்மண்ட்ஸ் என்னும் கப்பலேறினார். கப்பலிலும் காலை நான்கு மணி முதல் இரவு வரை ஜெபத்துக்கும் படிப்புக்கும் போதனைக்கும் நேரம் பகுத்துக்கொண்டார். அதே கப்பலில் மொரேவியர் என்னும் ஜெர்மானியக் கிறிஸ்தவர் இருபத்தாறு பேர் பிரயாணஞ் செய்தனர். அவர்கள் எளிய தொழிலாளர். பிறர் செய்யக் கூசும் ஏவல்களையெல்லாம் கூலி வாங்காமல் செய்தனர். அடித்தாலும் தள்ளினாலும் முணுமுணாமல் எழுந்து சென்றனர்.

1736-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் புயல் மேல் புயல் வீசிற்று. முதற் புயலிலேயே வெஸ்லி தம்மைக் கண்டுகொண்டார். ஊருக்கெல்லாம் மோட்சத்தை உபதேசித்த தாம் சாவதற்கு மனமில்லாதிருப்பதைக் கண்டு நாணினார். 25-ஆம் நாள் வந்ததே பெரும் புயல். அந்திவேளையில் மொரேவியர் தங்கள் ஆராதனையைத் தொடங்கிச் சங்கீதம் பாடிக்கொண்டிருக்கும்போது கடல் பொங்கி எழுந்து பெரிய பாயைத் துண்டு துண்டாய்க் கிழித்தது. கப்பலை மூடித் தட்டுகளினிடையே வெள்ளமாய்ப் பாய்ந்தது. ஆங்கிலேயர் ஓலமிட்டனர். ஜெர்மானியர் தலைநிமிர்ந்து பார்த்து, நிறுத்தாமல் பாடி முடித்தனர். பின்னர் வெஸ்லி அவர்களுள் ஒருவரை அணுகி, நீர் பயப்படவில்லையா என்று வினவினார். இல்லை, கடவுளுக்கு ஸ்தோத்திரம் என்றார் அவர். உங்கள் பெண்களும் பிள்ளைகளுமாவது பயந்திருப்பார்களே என்றதற்கு, அவர்களும் சாவதற்கு அஞ்சுவதில்லை என்று அமைதியாய் விடை வந்தது. பல பாஷைகள் கற்ற ஆக்ஸ்போர்டு பண்டிதரிடத்தில் இல்லாத ஒன்று அத்தொழிலாளரின் குழந்தைகளிடத்தில் இருந்தது. அது யாதென அறியும்வரை வெஸ்லிக்கு நெஞ்சில் அமைதி இல்லை.

ஜார்ஜியாவில் கரையிறங்கியதும் மொரேவியப் போதகர் ஸ்பாங்கன்பர்க் அவரை நோக்கி, இயேசு கிறிஸ்துவை நீர் அறிவீரா என்றார். உலக ரட்சகர் என்று அறிவேன் என்றார் வெஸ்லி. உம்மை ரட்சித்தாரென்று அறிவீரா என்று மீண்டும் கேட்டபோது, என்னை ரட்சிக்க மரித்தார் என்று நம்புகிறேன் என்றார். அம்மறுமொழி வெறும் வார்த்தையோ என்ற அச்சத்தைத் தமது நாட்குறிப்பில் அவரே எழுதிவைத்தார்.

ஜார்ஜியாவில் எதுவும் கைகூடவில்லை. சோபியா ஹாப்கி என்னும் இளம்பெண்ணை விரும்பியும் மணம் பேசத் துணியாமல் தடுமாறினார். இறுதியில் நண்பர் சீட்டெழுதிக் குலுக்கிப் பார்த்தனர். இனி அதை நினையாதே என்ற சீட்டே வந்தது. மணத்தைச் சீட்டில் விடும் அளவுக்கு மனங்கலங்கியிருந்த அக்காலத்து வெஸ்லியை நாம் புகழ்வதற்கில்லை. அப்பெண் வேறொருவரை மணந்தபின் அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தது அதனினும் தகாத செயல். வழக்குத் தொடரப்பட்டது. 1737-ஆம் வருஷம் டிசம்பரில் இரவோடிரவாகப் புறப்பட்டு ஊர் திரும்பினார். பிறரை மனந்திருப்பப் போன தம்மை மனந்திருப்புவார் யார் என்று வழியெல்லாம் கலங்கினார். கடல் அமைதியாயிருக்கும்போது தம் பக்தியும் நன்றாயிருக்கிறது, புயல் வந்தால் ஓடிவிடுகிறது என்பதை ஒளியாமல் குறித்துவைத்தார்.

லண்டனில் பீட்டர் போலர் என்னும் இளைஞரான மொரேவியரைச் சந்தித்தார். விசுவாசமில்லாத நான் பிரசங்கத்தை விட்டுவிடவா என்று வெஸ்லி கேட்க, விசுவாசம் கிட்டும்வரை அதனைப் பிரசங்கியும், கிட்டியபின் கிட்டியதனால் பிரசங்கிப்பீர் என்றார் போலர். அதன்படி 1738-ஆம் வருஷம் மார்ச்சில் வெஸ்லி முதன்முதல் இந்த உபதேசத்தைக் கூறியது மரணதண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதிக்கு. மரணத்துக்கு அஞ்சிய குரு, மரணத்தை எதிர்நோக்கியிருந்தவனுக்கு உபதேசித்தார்!

அவ்வருஷம் மே மாதம் 24-ஆம் நாள் மாலை ஆல்டர்ஸ்கேட் வீதியில் நடந்த சிறு கூட்டமொன்றுக்கு வெஸ்லி மனமில்லாமலே சென்றார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை அங்கு ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துவில் வைக்கும் விசுவாசத்தால் கடவுள் மனிதரது உள்ளத்தை மாற்றும் விதத்தை அவர் விவரித்தபோது, ஒன்பதுமணிக்குக் கால்மணி முன்னதாக, வெஸ்லியின் நெஞ்சில் ஓர் இளஞ்சூடு தோன்றிற்று. தம் புண்ணியத்தையன்றிக் கிறிஸ்துவையே தாம் நம்புவதாகவும், தம் பாவங்களை அவர் நீக்கினார் என்றும் நிச்சயம் பிறந்தது. தமக்குத் தீங்கு செய்தவர்க்காக அவர் அப்போதே ஜெபித்தார்.

பலர் இச்சரித்திரத்தை இங்கே முடித்துவிடுவர். அன்றிரவே சந்தேகம் மீண்டது என்பதையும், விசுவாசமாயின் ஆனந்தம் எங்கே என்று அவர் மனமே அவரைக் கேட்டது என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. 1739-ஆம் வருஷம் ஜனவரியில், தாம் இன்னும் கிறிஸ்தவனல்லன் என்றே எழுதினார். எனினும் ஒரு மாறுதல் நேர்ந்தது. முன்பு தம் மனநிலையையே இரவும் பகலும் நாடி பிடித்துப் பார்த்தவர், இப்போது பார்வையைத் தம்மைவிட்டுப் பிறர்மேல் திருப்பலாயினார். ஏப்ரல் மாதம் 2-ஆம் நாள் பிரிஸ்டல் நகரருகே, ஆலயத்துக்கு வெளியே பிரசங்கிப்பது தகாதென்று அதுவரை எண்ணியிருந்த அவர், வெட்டவெளியில் மூவாயிரம் பேர்க்குப் பிரசங்கித்தார். சுரங்கத் தொழிலாளரும் நெசவாளரும் திரள் திரளாய் வந்தனர்.

எதிர்ப்பும் வந்தது. 1743-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 20-ஆம் நாள் வெட்ன்ஸ்பரி என்னும் ஊரில் அவர் தங்கியிருந்த வீட்டைக் கலகக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. வெஸ்லி தாமே வெளிவந்து அவர்களோடு பேசினார். மழையிலும் இருளிலும் அவரை நீதிபதி வீட்டுக்கு இழுத்துச் சென்றனர். நீதிபதி படுத்துவிட்டார் என்றனர். வேறொரு நீதிபதியிடம் சென்றனர், அவரும் படுத்துவிட்டார். அதற்குள் வால்சால் என்னும் ஊரிலிருந்து இன்னொரு கூட்டம் வந்து அவரைப் பறித்துக்கொண்டது. தலைமயிரைப் பிடித்து இழுத்தனர். கொல்லுங்கள் என்று கூவினர். வெஸ்லி உரத்த குரலில் ஜெபித்தார். உடனே அக்கலகத்தின் தலைவருள் ஒருவனே மனமாறி அவரைக் காத்து அழைத்துச் சென்றான். இரவு பத்து மணிக்குள் அவர் திரும்பினார். நஷ்டம் உள்ளங்கிச் சட்டையின் ஒரு தொங்கலும், கையில் சிறிது தோலுமே. அத்தனை நேரத்திலும் தமது படிப்பறையில் இருப்பதுபோலவே மனம் இருந்தது என்றும், ஆற்றில் எறிந்துவிட்டால் பையிலுள்ள காகிதங்கள் நனைந்துவிடுமே என்ற கவலை மட்டும் ஒருமுறை வந்தது என்றும் எழுதியுள்ளார். தம்மைப் பற்றிக் கவலையில்லையாம். உடுப்பு இலேசாயிருந்ததால் நீந்திக் கரையேறிவிடலாமாம்! சிம்மண்ட்ஸ் கப்பலில் நடுங்கியவர் இவர்தாமோ என்று நாம் வியக்கின்றோம்.

இனி அவர் சுமந்த வேலையின் அளவைச் சிறிது நோக்குவோம். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளில், பெரும்பாலும் குதிரைமீது, இரண்டரை லட்சம் மைல் பிரயாணம், நாற்பதினாயிரம் பிரசங்கம், நூல்கள் பல, ஏழைகட்கு 1746-ல் திறந்த மருந்தகம், எண்ணிறந்த கடிதங்கள். இத்தனைக்கும் நடுவில் மனம் சிதறாமல் இருந்ததற்கு இளமையில் பழகிய ஒழுங்கே உதவிற்று. முன்பு கடவுளைச் சரிக்கட்டும் விலையாயிருந்த நியமங்கள் இப்போது வேலைக்குரிய கருவிகளாயின. நான்கு மணிக்கு எழுந்தார்; கடிவாளத்தைத் தளரவிட்டுக் குதிரைமேலிருந்தே புத்தகம் படித்தார். விரைவு உண்டு, பதற்றம் இல்லை. அமைதியோடு செய்துமுடிக்கக் கூடியதற்கு மேல் ஒரு வேலையையும் அவர் ஏற்றுக்கொள்வதில்லை.

வீட்டில் அவருக்குச் சுகமில்லை. 1751-ல் ஒரு விதவையை மணந்தார். அம்மணம் இருவர்க்கும் துன்பமாய் முடிந்தது. ஓயாமல் ஊர் சுற்றும் கணவரோடு வாழ்வது எப்பெண்ணுக்கும் அரிது என்பதையும் நாம் சொல்லவேண்டும்.

1766-ஆம் வருஷத்தில் தம்பி சார்லஸுக்கு எழுதிய கடிதத்தின் சில பகுதிகளைப் பிறர் எளிதில் படியாவண்ணம் சுருக்கெழுத்தில் எழுதினார். கடவுளைத் தாம் உண்மையாய் நேசித்ததே இல்லை என்றும், நரகத்துக்கு அஞ்சவில்லை, ஒன்றுமில்லாமற் போவதற்கே அஞ்சுவதுண்டு என்றும் அதில் காண்கிறோம். அப்போது அவர்க்கு வயது அறுபத்து மூன்று. ஆயிரக்கணக்கானோர் அவர் வாய்ச்சொல்லால் தேறுதல் அடைந்திருந்தனர். ஆயினும் அதே கடிதத்தில், தம்மை ஏதோ ஒரு சக்தி முன்செலுத்துகிறது என்றும், ஊழியத்தில் முன்னிலும் ஊக்கம் உண்டு என்றும் எழுதுகிறார். மறுநாளும் நான்கு மணிக்கே எழுந்திருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை. உள்ளத்தில் சூடு குறைந்த நாளிலும் விசுவாசத்தின் வழியே நடந்துகொண்டிருந்தார் என்ற இச்செய்தியே, ஆல்டர்ஸ்கேட் வீதிச் செய்தியைவிட, பயந்தவர்க்கு அதிக ஆறுதல் தருவது என்பது நமது கருத்து.

1788-ல் சார்லஸ் காலமானார். 1791-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 24-ஆம் நாள், அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்போர்ஸுக்கு ஊக்கமளித்து வெஸ்லி கடிதம் எழுதினார். சில நாட்களில் படுக்கையில் வீழ்ந்தார். லண்டன் சிட்டி ரோட்டிலுள்ள தம் வீட்டில் நண்பர் சூழ்ந்திருக்க, தளர்ந்த குரலில் பாட முயன்றார். எல்லாவற்றிலும் மேலானது கடவுள் நம்மோடிருப்பதே என்று கையை உயர்த்திச் சொன்னார். மார்ச்சு மாதம் 2-ஆம் நாள் காலை, எண்பத்தேழாம் வயதில், போராட்டமின்றி உயிர் நீத்தார். தம் உடலைச் சுமக்கும் ஏழைகள் அறுவர்க்கு ஆளுக்கு ஒரு பவுன் கொடுக்கும்படி மரணசாசனத்தில் எழுதியிருந்தார். ஜனங்கள் மிகத் திரளாய்க் கூடிவிடுவரென்று கருதி, 9-ஆம் நாள் அதிகாலையில், விளக்கொளியில் அவரை அடக்கஞ் செய்தனர்.