சிதம்பரம் செட்டியாரும் ஐந்து நட்சத்திரமும்

காரைக்குடி வீதிகளில் இப்போது கரடுமுரடான பாதைகளுக்கென வடிவமைக்கப்பட்ட உயரமான வண்டிகள் பெருகிவிட்டன. செட்டிநாட்டு வீடுகளைக் காண வருவோரும், சொந்த ஊர்த் திருமணத்துக்குச் சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வருவோரும் அவற்றை விரும்புகின்றனர். வாங்கும்போது எத்தனை நட்சத்திரம் என்று கேட்கும் வழக்கமும் வந்துவிட்டது. 2020-இல் மூன்று கதவுகள் கொண்ட மஹிந்திரா தார், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது. 2024 நவம்பரில் ஐந்து கதவுகள் கொண்ட தார் ராக்ஸ், பாரத் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. பெரியவர்களின் பாதுகாப்பில் 32-க்கு 31.09 மதிப்பெண். பத்தாண்டுகளுக்கு முன் இந்த அக்கறையே நம்மிடம் இல்லை. வரவேற்க வேண்டிய மாற்றம்தான்.

ஆயினும் மோதலைத் தாங்குவது ஒன்று, மோதிய வண்டியிலிருந்து உயிரோடு வெளியே வருவது வேறொன்று. இந்த வேறுபாட்டை எண்ணும்போதெல்லாம் செட்டிநாடு இழந்த ஒரு பெருமனிதர் நினைவுக்கு வருகிறார்.

எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1908 ஆகஸ்ட் 2-ஆம் நாள் பிறந்தவர். தந்தை சர் முத்தையா செட்டியார். இருபதுகளின் தொடக்கத்திலேயே குடும்பத் தொழிலின் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. அது நகரத்தாருக்கு நல்ல காலமன்று. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, பர்மாவில் கொடுத்த கடனுக்கு ஈடாக வேண்டாத வயல்கள் கைக்கு வந்துகொண்டிருந்தன. வட்டிக்கடையும் மேலாளும் பெட்டியடிப் பையனும் கொண்ட பழைய முறை இனி நெடுநாள் நிற்காது என்பதைக் கண்டுகொண்டவர்களுள் அவரும் ஒருவர்.

1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கப்பட்டது. காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் கிளைகள் திறக்கப்பட்டன, பின்னர் பினாங்கு. அந்நியச் செலாவணியே அதன் தனித்துறை. கடல் கடந்து பொருளீட்டியவர்களின் பணம் ஊருக்கு வந்து சேரும் வழியை ஒரு நவீன நிறுவனத்திடம் ஒப்படைத்த முயற்சி அது. பெருநகரங்களோடு காரைக்குடியும் அந்த முதல் நாளில் இடம்பெற்றது தற்செயலன்று. நாடு விடுதலை பெற்றபோது வங்கிக்கு உள்நாட்டில் 38 கிளைகளும் வெளிநாட்டில் 7 கிளைகளும் இருந்தன. வங்கியோடு அவர் நிற்கவில்லை. பெரும்பாவூரில் திருவாங்கூர் ரேயான்ஸ் ஆலையை நிறுவினார். இந்தியாவில் ரேயான் இழை உற்பத்தி அங்கேதான் தொடங்கியது.

காப்பீட்டுத் துறையிலும் அவர் கை ஓங்கியிருந்தது. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனமும், அதே பெயரில் தீ, பொதுக் காப்பீட்டு நிறுவனமும் அவருடைய தலைமையில் வளர்ந்தன. ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சென்னை மவுண்ட் ரோட்டில் நாடே அண்ணாந்து பார்க்கும் ஓர் உயரமான கட்டடத்துக்கான பணி 1953-இல் தொடங்கியது.

அதன் நிறைவை அவர் காணவில்லை. 1954 மார்ச் 13. சிட்னியிலிருந்து ஜகார்த்தா வழியாக லண்டன் செல்லும் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் கான்ஸ்டலேஷன் விமானம் சிங்கப்பூரின் கலாங் நிலையத்தில் இறங்க முயன்றது. ஓடுபாதைக்கு முன்னிருந்த கடற்சுவரில் அடிபட்டு, இறக்கை முறிந்து, கவிழ்ந்து தீப்பற்றியது. விமானத்தில் இருந்த 40 பேரில் 33 பேர் மாண்டனர். பிழைத்த எழுவரும் விமானப் பணியாளர்கள். பயணியர் 31 பேரில் ஒருவர்கூட மீளவில்லை. அவர்களுள் ஒருவரான செட்டியாருக்கு அப்போது வயது 45. நகரத்தாரின் கிட்டங்கிகள் வரிசையாக நின்ற மார்க்கெட் தெரு அங்கிருந்து தொலைவில் இல்லை.

பின்னர் நடந்த பொது விசாரணை இரண்டு குறைகளைச் சுட்டியது. சிட்னியில் புறப்பட்டது முதல் விமானி இருபத்தொன்றரை மணி நேரம் தொடர்ந்து பணியில் இருந்திருக்கிறார். களைப்பு அவரது கணிப்பைக் கெடுத்தது. மற்றொன்று, விமான நிலையத் தீயணைப்பு, மீட்புக் குழுவினரின் பயிற்சியும் கருவிகளும் போதுமானவையாக இல்லை. வானத்திலிருந்து வீழ்ந்த விமானமல்ல அது. விமான நிலையத்திலேயே, மீட்புக் குழு எட்டும் தொலைவில் எரிந்தது.

இதே ஆண்டுகளில்தான் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹியூ டி ஹேவன் என்பவர், விமான விபத்துகளில் மனிதர் எதனால் காயமுறுகின்றனர் என்று ஆராய்ந்து, அந்தப் பாடத்தை மோட்டார் வாகனங்களுக்கும் கொண்டுவந்துகொண்டிருந்தார். 1917-இல் விமானிப் பயிற்சியின்போது மோதலில் சிக்கி உயிர் தப்பியவர் அவர். இன்றைய மோதல் சோதனைகளின் மூலம் இத்தகைய ஆய்வுகளே.

நம் நாட்டில் கட்டாயமான முன்மோதல் விதி, மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் மோதிய பிறகு, இருக்கை வரிசை ஒவ்வொன்றுக்கும், கதவு இருக்குமாயின், குறைந்தது ஒரு கதவையாவது கருவி இன்றித் திறக்க முடிய வேண்டும் என்கிறது. எரிபொருள் கசிவுக்கும் வரம்பு விதிக்கிறது. புதிய வடிவங்களுக்கு 2017 அக்டோபரிலும் எல்லாக் கார்களுக்கும் 2019 அக்டோபரிலும் இது நடைமுறைக்கு வந்தது. அந்தக் கதவு இருக்குமாயின் என்ற சொற்கள் கவனிக்கத்தக்கவை. மூன்று கதவு வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்தவர், முன்னிருக்கை மடங்கினால்தான் வெளியே வர முடியும். வண்டி வாங்கும் குடும்பம் பாட்டியையும் குழந்தையையும் அமர்த்துவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப், 64 கி.மீ. வேகத்தில் வண்டியைத் தடுப்பில் மோதச் செய்து நட்சத்திரம் அளிக்கிறது. ஐரோப்பிய மதிப்பீட்டு அமைப்போ 2020 முதல், மோதிய வண்டியின் கதவு எளிதில் திறக்கிறதா, மீட்புப் படையினருக்கு வண்டியின் அமைப்பை விளக்கும் தாள் தரப்பட்டுள்ளதா என்பவற்றையும் கணக்கில் கொள்கிறது. நம்முடைய நட்சத்திரத்திலும் இவற்றுக்கு மதிப்பெண் சேர வேண்டும். அந்தத் தாள் திருச்சி–இராமேசுவரம் நெடுஞ்சாலையோரத் தீயணைப்பு நிலையங்களுக்கும், வெட்டும் கருவியோடு சேர்ந்து, வந்து சேர வேண்டும். ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தூங்காமல் வந்தார் என்பதை எந்தச் சோதனைக் கூடமும் அளக்காது. அதைக் காருக்குள் இருப்போர்தாம் கேட்க வேண்டும்.

செட்டியாரின் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1956-இல் நாட்டுடைமையாகி எல்.ஐ.சி.யில் இணைந்தது. மவுண்ட் ரோட்டுக் கட்டடம் 1959-இல் எல்.ஐ.சி.யின் பெயரால் திறக்கப்பட்டது. வங்கி 1969-இல் அரசின் கைக்குச் சென்றது. பொதுக் காப்பீட்டு நிறுவனமும் பின்னர் அரசுடைமையாகி, யுனைடெட் இந்தியா என்ற அதே பெயருடன், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் கார்களுக்குக் காப்பீடு எழுதி வருகிறது.