மிசிசிப்பி ஆற்றில் மார்க்கெத் அடிகளார்

சங்கைக்குரிய ஜாக் மார்க்கெத் அடிகளார் 1637-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லாவோன் நகரில் பிறந்தார். 17-ஆம் வயதில் சேசு சபையில் சேர்ந்தார். 1666-இல் கனடாவின் கியூபெக்கில் வந்திறங்கிய அவர், பூர்வீக மக்களின் ஆறு மொழிகளைக் கற்றுத் தேர்ந்தார். குருமடத்தில் லத்தீன் ஒன்றோடே நாங்கள் பட்ட பாடு நினைவுக்கு வருகிறது!

சுப்பீரியர் ஏரிக்கரையில் ஹூரோன், ஒட்டாவா மக்களிடையே அவர் பணிபுரிந்தபோது, அங்கு வந்த இல்லினாய் மக்கள் தங்கள் நாட்டுக்கும் வருமாறு அழைத்தனர். ஆனால் சியூ குலத்தாரோடு பகை மூண்டதால், 1671-இல் அவருடைய மக்கள் ஊரையே விட்டுக் கிழக்கே ஓட நேர்ந்தது.

1673 மே 17 அன்று லூயி ஜோலியே என்பவரோடும் வேறு ஐவரோடும் மரப்பட்டை ஓடங்கள் இரண்டில் புறப்பட்டார். ஜூன் 17 அன்று மிசிசிப்பி ஆற்றை அடைந்தனர். அதைக் கண்டுபிடித்தவர் இவரே என எழுதுவோர் உண்டு, அது சரியன்று. அதன் கரைகளில் பல குலத்தார் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர். இஸ்பானியரும் 1541-லேயே அதைக் கண்டிருந்தனர்.

இல்லினாய் மக்கள் விருந்தளித்து, இறகுகள் கட்டிய சமாதானச் சுங்கான் ஒன்றையும் கொடுத்தனுப்பினர். தெற்கே மிச்சிகமியா என்னும் ஊரருகே வில்லும் தடியும் ஏந்திய வாலிபர் கரையிலும் நீரிலும் சூழ்ந்துகொண்டனர். அடிகளார் அந்தச் சுங்கானை உயர்த்திக் காட்டியபடியே நின்றார். அதைக் கண்டுகொண்ட முதியவர்கள் வாலிபரை அடக்கினர். ஆர்க்கன்சா ஆற்றின் முகத்துவாரத்துக்கு அண்மைவரை சென்றபின், இஸ்பானியர் கையில் சிக்க நேரிடும் என்றஞ்சி ஜூலை 17 அன்று திரும்பினர்.

வரும் வழியில் கஸ்காஸ்கியா மக்களிடம், மீண்டும் வந்து போதிப்பதாக அடிகளார் வாக்களித்தார். அந்த வாக்குதான் அவர் உயிரை வாங்கியது எனலாம். 1674 அக்டோபரில் புறப்பட்டவர், வழியில் வயிற்றுக்கடுப்பு நோய் கண்டு, நடக்கவும் இயலாமல் சிக்காகோ ஆற்றோரம் ஒரு குடிசையில் பனிக்காலத்தைக் கழித்தார். 1675 பெரிய வியாழனன்று, திறந்த வெளியில் பாய் விரித்து, மாதா படங்களைத் தொங்கவிட்டு, திரண்டிருந்த கஸ்காஸ்கியா மக்களுக்குப் போதித்தார். பாஸ்கு ஞாயிறன்றும் பூசை செய்தார். பின்னர் உடல் தாங்கவில்லை. திரும்பும் வழியில் மிச்சிகன் ஏரிக்கரையில் தோழர் இருவர் அருகிருக்க, மே 18 அன்று 37 வயதில் உயிர் நீத்தார். அவர்கள் அங்கேயே அடக்கம் செய்து சிலுவை நட்டனர்.

ஈராண்டுகளுக்குப் பின், 1677-இல், அவரிடம் முன்பு ஞானோபதேசம் கேட்ட ஒட்டாவா மக்கள் வேட்டைக்குப் போய்த் திரும்புகையில் அக்கல்லறையைத் தேடிச் சென்றனர். தங்கள் குல வழக்கப்படி எலும்புகளைக் கழுவி உலர்த்தி, மரப்பட்டைப் பேழையில் வைத்து, ஏறத்தாழ முப்பது ஓடங்கள் சூழ செயின்ட் இக்னாஸ் ஆலயத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தனர்.