கொடியேற்றம் காணாத தலைவர்

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து சுமார் 350 மைல் தூரத்தில், அட்லாண்டிக் சமுத்திரத்தில் பத்துத் தீவுகள் உண்டு. கேப் வெர்டே என்று பெயர். "வெர்டே" என்றால் பச்சை. ஆனால், மழை பொய்த்தால் அங்கே பச்சை என்பதே இராது!

இத்தீவுகளைச் சுமார் 500 ஆண்டுகள் ஆண்டது போர்த்துக்கல். 1961 வரை நம் கோவாவை ஆண்ட அதே போர்த்துக்கல்தான்.

அந்த ஆட்சியை எதிர்த்துக் கிளம்பியவர் அமில்கார் கப்ரால்.

பஞ்சம் வந்தது

அவர் 1924-ல் எதிர்க்கரையிலுள்ள போர்த்துக்கீசிய கினியில் பிறந்தார். தகப்பனார் பள்ளி ஆசிரியர். தாயார் துணி தைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். படித்தது கேப் வெர்டேயில்.

1941-ல் தீவுகளில் கொடிய பஞ்சம் தொடங்கியது. 1947-ல் மீண்டும் பஞ்சம். பல்லாயிரம் பேர் பட்டினியால் மடிந்தார்கள். ஆண்டவர்களோ போதிய உதவி செய்யவில்லை.

மழை பொய்த்தது இயற்கை. மக்கள் மடிந்தது ஆட்சியின் குற்றம். கப்ரால் இதை உணர்ந்தார்.

ஊர் ஊராக...

1945-ல் உபகாரச் சம்பளம் பெற்று லிஸ்பன் நகருக்குப் போனார். விவசாயம் படித்தார். 1952-ல் சர்க்கார் அதிகாரியாகக் கினிக்குத் திரும்பினார்.

1953-ல் விவசாயக் கணக்கெடுப்பு நடந்தது. கப்ரால் ஊர் ஊராகச் சுற்றினார். வயல்களைக் கண்டார்; உழவர்களின் குறைகளைக் கேட்டார். சர்க்கார் சம்பளத்தில் பெற்ற இந்த அறிவே பிறகு சர்க்காரை எதிர்க்க உதவியது!

1956-ல் கினிக்கும் கேப் வெர்டேக்கும் சேர்த்து விடுதலைக் கட்சி தொடங்கினார்.

1959-ல் பிசாவ் துறைமுகத் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீசார் சுட்டார்கள். பலர் மாண்டார்கள். அமைதி வழி அடைபட்டது.

1963-ல் கினிக் காடுகளில் கொரில்லாப் போர் மூண்டது. தீவுகளில் ஒளிந்து போரிடக் காடு இல்லை. எனவே, தீவுகளின் விடுதலைக்கும் கினியிலேயே போர் நடந்தது.

மீட்ட கிராமங்களில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடை எல்லாம் அமைத்தார். போர்த்துக்கீசிய மக்கள் பகைவர் அல்ல, அடிமை ஆட்சியே பகை என்று வீரர்களுக்குப் போதித்தார்.

இரவில் சுட்டார்கள்

1973 ஜனவரி 20. கோனாக்ரி நகரில் இரவு மனைவியுடன் வீடு திரும்பினார் கப்ரால். சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் சொந்தக் கட்சியினர்! அப்போது அவருக்கு வயது 48.

ஆனால் போராட்டம் சாகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் கினி-பிசாவ் சுதந்திரப் பிரகடனம் செய்தது. 1974-ல் போர்த்துக்கல் ராணுவமே தன் நாட்டுச் சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்தது.

1975 ஜூலை 5-ல் கேப் வெர்டே சுதந்திரம் பெற்றது. கொடி ஏறியது, அதைக் காண கப்ரால் இல்லை.

அவர் மறைந்த ஜனவரி 20, அந்நாட்டில் வீரர்கள் தினம். அன்று விடுமுறை.